ஜாம் ஆன என்ஜினும் தண்ணி போன வழியும்: ஒரு வில்லிஸ் ஜீப் கேஸ்

வண்டி வில்லிஸ் சிஜே-2ஏ. 1945-ல இருந்து 1949 வரைக்கும் வந்த மாடல், ரெண்டாம் உலகப்போர் ஜீப்பையே கொஞ்சம் மாத்தி விவசாயிக்கும் சாதாரண ஆளுக்கும் வித்தாங்க. உள்ள இருக்கிறது எல்134 என்ஜின், கோ டெவில்னு சொல்வாங்களே அதுதான், நாலு சிலிண்டர், 2199 சிசி, புதுசுல 60 குதிரை சக்தி. வருஷக்கணக்கா ஓடாம நின்ன வண்டி. பானெட் ஒரு பக்கம் சரியா உக்காரல, ஏர் கிளீனர்ல இருந்து கார்புரேட்டருக்கு வர்ற குழாயை எவனோ கழட்டி எடுத்துட்டான், அதனால கார்புரேட்டர் வாய் வானத்தைப் பார்த்துத் திறந்தே கிடந்துச்சு. முன்னாடி ஹாண்டில் மாட்டி சுத்திப் பார்த்தா துளிகூட அசையல.

வண்டி என் சிநேகிதரோடது. நான் போறதுக்கு முன்னாடியே ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி வச்சிருந்தாங்க. டாப் கியர்ல போட்டு டிராக்டர் வச்சு இழு, பிளக் ஓட்டையில கோலா ஊத்து, டீசல் ஊத்தி மறந்துடு, கிரீஸ் கன் வச்சு அழுத்து. இதுல சிலது சில நேரம் வேலை செய்யும், இல்லன்னு சொல்லல. ஆனா எல்லாமே என்ஜின் எங்க பிடிச்சிருக்குன்னு தெரியாமலே ஆரம்பிக்கிற வைத்தியம், அதான் எனக்கு ஒத்துக்காது. ஜாம்னு சொல்றோமே தவிர நாலு பிஸ்டனும் ஒண்ணா பிடிக்கிறது ரொம்ப அபூர்வம், பெரும்பாலும் ஒரு சிலிண்டர்தான், மிச்சம் மூணும் அதோட சேர்ந்து கட்டுப்பட்டு நிக்கும். அந்த ஒண்ணு எதுன்னு தெரிஞ்சா எந்தப் பக்கம் திருப்பணும், எங்க ஆயில் போகணும், எங்க கை வைக்கவே கூடாதுன்னு தானா தெரிஞ்சிடும்.

முதல்ல பொய் ஜாமை எல்லாம் கழிக்கணும். ஃபேன் பெல்ட்டைக் கழட்டிட்டேன், ஏன்னா வாட்டர் பம்ப் பேரிங்கோ டைனமோவோ துரு பிடிச்சு நின்னாலும் ஹாண்டில்ல என்ஜின் ஜாம் மாதிரிதான் தெரியும். அப்புறம் ஸ்டார்ட்டர் மோட்டாரை அப்படியே வெளிய எடுத்தாச்சு, அதோட முனையில இருக்கிற சின்னப் பல்சக்கரம், பினியன்னு சொல்வாங்க, ஃப்ளைவீல் பல்லுல மாட்டிக்கிட்டு நிக்கிறது பழைய வண்டிகள்ல சகஜம், அதைப் பார்க்காம ஹெட்டைப் பிரிச்சவங்களை எனக்குத் தெரியும். கியர் நியூட்ரல், முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸும் நியூட்ரல். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோட துருவுல ஒட்டியிருந்துச்சு, கிளட்சை மிதிச்சாலும் பிரியல, ஆனா அது என்ஜினைத் தடுக்காது, அது தனி வேலை, அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். எல்லாம் கழிச்ச பிறகும் ஹாண்டில் அசையல. அப்ப உண்மையிலேயே உள்ளதான்.

அடுத்து ஆயில். டிப் ஸ்டிக் அளவு ஃபுல் கோட்டுக்கு மேல காட்டுச்சு, மேல காஃபி கலர் நுரை. ஓடாத என்ஜின்ல ஆயில் ஏறாது, ஏறியிருக்கிறது தண்ணி. டிரெயின் பிளக்கை முழுசா கழட்டாம ரெண்டு சுத்து மட்டும் லூஸ் பண்ணி கீழ கண்ணாடி பாட்டிலை வச்சேன், தண்ணி கனம், அடியில நிக்கும், அதனால அதுதான் முதல்ல வரும். தெளிஞ்ச துருத் தண்ணி நல்லா கொஞ்ச நேரம் ஊத்திட்டு அப்புறம்தான் கருப்பு ஆயில் எட்டிப் பார்த்துச்சு. நாலு லிட்டர் சுமார் பிடிக்கிற சம்ப்புல, அதான் அடியில இருக்கிற ஆயில் தொட்டியில, ஒரு லிட்டருக்குக் குறையாம தண்ணி. இது ரெண்டு விஷயம் சொல்லுது. ஒண்ணு, ஏதோ ஒரு சிலிண்டர்ல விழுந்த தண்ணி பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரிங் இடைவெளி வழியா மெதுவா கீழ இறங்கியிருக்கு. ரெண்டாவது கொஞ்சம் கவலையானது, அளவு ஏறினதுல பிஸ்டன் ஆட்டத்தைச் சுத்தலா மாத்துற தண்டான கிராங்க்கோட கீழ் வளைவு முங்கியிருக்கலாம். பேரிங்கைக் கண்ணால பார்க்காம இந்த என்ஜினை ஸ்டார்ட் பண்ணக்கூடாதுன்னு அப்பவே முடிவு பண்ணியாச்சு.

இப்ப எந்த சிலிண்டர்னு பார்க்கணும். இதுக்கு ஒரு ஸ்பானர்கூட தேவையில்ல, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரிச்சுக் கொடுக்கிற டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைத் திறந்தா போதும். உள்ள சுத்துற ரோட்டார் முதல் சிலிண்டரோட முனையைத் தாண்டி லேசா விலகி நின்னுச்சு. இந்த என்ஜினோட ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியுற வரிசை, 1-3-4-2. ரோட்டார் ஒண்ணுல நிக்குதுன்னா ஒண்ணாவது பிஸ்டன் இப்பதான் மேல போயிட்டு பவர் ஸ்ட்ரோக்ல கொஞ்சம் இறங்கியிருக்கு, அதுல ரெண்டு வால்வும் மூடியிருக்கும். நாலாவதும் அதே உயரத்துலதான் நிக்கும், ஆனா அது இன்டேக் ஸ்ட்ரோக் ஆரம்பம், இன்டேக் வால்வ் லேசா திறந்திருக்கும். மூணாவது கீழ வந்து திரும்பி கம்ப்ரெஷனுக்குக் கிளம்புற நேரம், பிஸ்டன் அடியைத் தாண்டின பிறகும் இன்டேக் வால்வ் உடனே மூடாது, சுமார் 50 டிகிரி வரைக்கும் திறந்தே இருக்கும். ரெண்டாவது அதே மாதிரி அடியில, ஆனா எக்ஸாஸ்ட் வால்வ் திறந்து, சைலன்சர் பக்கம் பார்த்து நிக்குது.

இதைப் பேப்பர்ல எழுதிப் பார்த்தா கதை கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சு. கார்புரேட்டர்ல விழுந்த மழைத்தண்ணி, சிலிண்டர்களுக்குப் பிரிஞ்சு போற குழாயான மேனிஃபோல்டுக்குள்ள போய் திறந்திருக்கிற இன்டேக் வால்வைத் தேடும். அது மூணாவதும் நாலாவதும். நாலாவது பிஸ்டன் கிட்டத்தட்ட உச்சியில, தண்ணி நிக்க இடமே இல்ல. மூணாவது அடியில, முழு கிணறு. அப்ப குற்றவாளி மூணுதான், ரெண்டாவதுல சைலன்சர் ஈரம் போய் கொஞ்சம் துரு இருக்கலாம், ஒண்ணாவது சுத்தமா இருக்கணும். நாலு பிளக்கையும் கழட்டிப் பார்த்தப்போ ஒண்ணு காஞ்சு கருப்பா, நாலுல லேசா செம்பழுப்பு, ரெண்டுல துருப்பொடி, மூணாவது பிளக் கேஸ்கெட்டோட ஒட்டிப்போய் உடம்பு முழுக்கச் செதில். கணக்கு அப்படியே உக்காந்துச்சு, இந்த மாதிரி நேரத்துலதான் இந்த வேலை மேல எனக்கு ஒரு தனி ஆசையே வருது.

கிரீஸ் கன் யோசனையை இங்கயே தள்ளிட்டேன். பிளக் ஓட்டை வழியா கிரீஸை அடிச்சு பிஸ்டனை அழுத்துறதுன்னா ரெண்டு வால்வும் மூடியிருக்கணும், மூணாவதுல இன்டேக் திறந்திருக்கு, கிரீஸ் முழுக்க மேனிஃபோல்டுக்குத்தான் போகும். அதுவும் போக, போர்னு சொல்ற சிலிண்டர் துளை 79.4 மில்லிமீட்டர், அதுல பிஸ்டனோட பரப்பு கிட்டத்தட்ட 49.5 சதுர சென்டிமீட்டர், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தம் ஏறினாலே பிஸ்டன் மேல 5 டன் உக்காரும், சாதாரண கை கிரீஸ் கன்னே அதைவிட நிறைய குடுக்கும். துருவுல மாட்டின ரிங் அந்த பாரத்துக்கு அசையுறதுக்கு முன்னாடி பிஸ்டன்ல ரிங் உக்கார்ற பள்ளத்தோட சுவர் உடைஞ்சிடும். டிராக்டர் வச்சு இழுக்கிறதும் இதே கேஸ்தான், கியர்பாக்ஸ் வழியா போற முறுக்கு எவ்வளவுன்னு கைக்குத் தெரியவே தெரியாது, கனெக்டிங் ராடு வளைஞ்ச பிறகுதான் தெரியும். வினிகர், ஆசிட், வாஷிங் சோடா எலக்ட்ராலிசிஸ், இதெல்லாம் வெறும் இரும்புப் பொருளுக்கு நல்லா துரு எடுக்கும், ஆனா இதுல பிஸ்டன் அலுமினியம், கீழ பேரிங் மெட்டல், துருவைத் தின்ன வந்தது அதையும் சேர்த்துத் தின்னும்.

இந்த என்ஜின் ஃப்ளாட்ஹெட் வகை, அதுல ஒரு பெரிய சௌகரியம், வால்வ் எல்லாம் பிளாக்ல சிலிண்டருக்குப் பக்கத்துல இருக்கு, ஹெட்னா மேல ஒரு கனமான மூடி அவ்வளவுதான். அதனால கண்ணை மூடிட்டு பிளக் ஓட்டையில ஊத்திக்கிட்டு இருக்காம ஹெட்டைக் கழட்டிடுறதுதான் சரி. ஸ்டட்ல இருக்கிற நட்டுகளை வலுவா ஒரே மூச்சுல திருப்பாம, லேசா இறுக்கி லேசா லூஸ் பண்ணி, இடையில பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு, அடம் பிடிச்ச ரெண்டு இடத்துல மட்டும் நட்டைச் சூடு பண்ணி எடுத்தோம். ஸ்டட் உடைஞ்சா அதை எடுக்கிற வேலை என்ஜினை விடுவிக்கிற வேலையைவிடப் பெருசாயிடும். பழைய ஹெட் கேஸ்கெட் செம்புத் தகட்டுக்கு நடுவுல ஆஸ்பெஸ்டாஸ் வச்சது, அதைத் தண்ணி தெளிச்சு ஈரமாக்கி முழுசா உரிச்சு கவர்ல கட்டிட்டோம், வயர் பிரஷ், ஏர் கம்ப்ரெஷர் ரெண்டும் பக்கத்துல வரக்கூடாது, மாஸ்க் போட்டாலும் சரி.

மேல இருந்து பார்த்தா ஒண்ணும் நாலும் கிட்டத்தட்ட உச்சியில, கார்பன் படிஞ்சு சாதாரணமா இருந்துச்சு. ரெண்டுல போர் சுவர்ல தூள் துரு, விரல்ல தேய்ச்சா வருது. மூணுல பிஸ்டன் தலையே தெரியல, செங்காவிச் சேறு காஞ்சு கட்டியா ஒரு விரல் உயரத்துக்கு இருந்துச்சு, அதுக்கு மேல சுவர்ல தண்ணி நின்ன உயரத்துக்கு ஒரு கோடு, கோட்டுக்குக் கீழ செதில் செதிலா துரு. கோட்டுக்கு மேல போர் பளபளன்னு இருக்கு. இது ஒருவிதத்துல அதிர்ஷ்டம்னுதான் சொல்லணும், ஏன்னா குழி விழப்போறது போரோட கீழ் பாகத்துல, அங்க பிஸ்டன் வர்றப்போ எரிஞ்ச வாயுவோட அழுத்தம் ரொம்பவே குறைஞ்சிருக்கும். இதே குழி மேல, ரிங் திரும்புற இடத்துல விழுந்திருந்தா போர் போடாம, அதாவது சிலிண்டரைப் பெருசா கடையாம, தப்பிக்க முடியாது.

இங்க ஒரு விஷயம் கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா நிறைய பேர் இங்கதான் என்ஜினைக் கெடுக்கிறாங்க. மூணாவது பிஸ்டன் அடியைத் தாண்டி சுமார் 20 டிகிரி மேல வந்து நிக்குது. ஹாண்டிலை வழக்கமான திசையில சுத்தினா அது மேல போகும், மேலதான் துரு இருக்கு, அதாவது ரிங்கை நேரா அந்தச் செதில் மேல ஏத்துறோம். பின்பக்கமா திருப்பினா பிஸ்டன் கீழ இறங்கும், ஆனா இந்தக் கோணத்துல அடிக்குப் போக ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் பாக்கி. அந்த ரெண்டு மூணு மில்லிமீட்டர் போதும். ரிங் பிடியை விட்டுச்சுன்னா அதுக்கப்புறம் மேலயும் கீழயும் ஆட்டி ஆட்டி எடுக்கலாம். அதனால முதல் அசைவு பின்பக்கம்தான்னு முடிவு. ஒண்ணாவது நாலாவது பிஸ்டன் தலையில சுத்தியல் வச்சு அடிக்கிறதுல பிரயோஜனம் இல்ல, உச்சிக்குப் பக்கத்துல இருக்கிறப்போ ராடும் கிராங்க்கும் கிட்டத்தட்ட ஒரே கோட்டுல நிக்கும், அடிக்கிற அடியில பாதிகூடத் திருப்புறதுக்குப் போகாது, மிச்சமெல்லாம் பேரிங் மேலதான் விழும். போதாக்குறைக்கு அது மூணாவதை மேல தள்ளுற திசை வேற.

முதல்ல மூணாவதுல காஞ்ச சேறைப் பிளாஸ்டிக் கரண்டியால சுரண்டி வேக்குவம்ல உறிஞ்சோம். திறந்திருக்கிற வால்வ் வாய்லயும் சிலிண்டரைச் சுத்தி குளிர்விக்கிற தண்ணி ஓடுற வாட்டர் ஜாக்கெட் ஓட்டைகள்லயும் துணி அடைச்சாச்சு. சுவர் துருவை ஆயில்ல நனைச்ச ஸ்கரப்பிங் பேடால கையாலயே தேய்ச்சது, டிரில்ல மாட்டுற பிரஷ் வேணாம், அது துருவோட நல்ல இரும்பையும் சேர்த்து எடுக்கும். தேய்ச்சு, உறிஞ்சி, துடைச்சு, திரும்ப தேய்ச்சு, விரல் நகம் மாட்டாத அளவுக்கு வந்ததும் நிறுத்தினோம், சில இடத்துல நகம் மாட்டத்தான் செஞ்சுது, அது குழி, தேய்ச்சா போகாது.

அதுக்கப்புறம் ஆயில். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலான ஏடிஎஃப்-பையும் அசிட்டோனையும் சம பாதியா கலந்தது, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேராது, ஊத்துறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் குலுக்கணும், பக்கத்துல பீடி சிகரெட் வெல்டிங் எதுவும் கூடாது. நாலு சிலிண்டர்லயும் ஒரே உயரத்துக்கு ஊத்தி சுவர்ல மார்க்கர்ல கோடு போட்டு வச்சோம். மறுநாள் பார்த்தா ஒண்ணுலயும் நாலுலயும் ஆயிலே இல்ல, ரிங் வழியா முழுக்க இறங்கிடுச்சு. ரெண்டுல பாதி. மூணுல கோட்டுல அப்படியே நிக்குது, மேல இருந்த அசிட்டோன் ஆவியா போன அளவுக்குத்தான் குறைஞ்சிருக்கு. இந்தக் கோடுதான் இந்த வேலையோட கடிகாரம். மூணாவதுல ஆயில் இறங்காத வரைக்கும் எந்த பலமும் போடுறதுல அர்த்தமில்ல, ரிங்குக்கும் சுவருக்கும் நடுவுல ஆயில் போகவே இல்லன்னா எதை வழுக்க வைக்கிறது?

ஆயிலை உள்ள இழுக்க வைக்கத்தான் வெந்நீர் வித்தை. ஹெட் இல்லாததால ஜாக்கெட்டுக்கு மேல மூடி இல்ல, கீழ் ஹோஸை அடைச்சுட்டு கொதிக்கிற தண்ணியை பிளாக் ஜாக்கெட்டுக்குள்ள மெதுவா, சிலிண்டர்ல சிந்தாம ஊத்தணும். பிளாக் வார்ப்பிரும்பு, அது முதல்ல சூடாகும், பிஸ்டனுக்குச் சூடு போய்ச் சேர நேரமாகும். 79 மில்லிமீட்டர் போர் 60 டிகிரி சூடேறினா விட்டம் சுமார் 0.05 மில்லிமீட்டர் விரியும், அந்த இடைவெளியில ஆயில் ஊர்ந்து போகும். அலுமினியம் இரும்பைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியுற சாதி, அதனால பிஸ்டனும் சூடாகிட்டா பிடி இன்னும் இறுகும், அப்ப திருப்பப் பார்க்காம தண்ணியை வடிச்சு ஆற விட்டுடணும். ஆறும்போது பிஸ்டன் அதிகமா சுருங்கும், துருவோட பிடி அங்கங்க விடும். பிஸ்டன் தலையில நேரா டார்ச் வச்சுச் சூடு பண்றவங்க இருக்காங்க, ஆற விட்டா அதுவும் வேலை செய்யலாம், ஆனா அசிட்டோன் நாத்தம் அடிக்கிற இடத்துல நெருப்பு எனக்குச் சரிப்படாது.

நடுநடுவுல போருக்குச் சரியா வட்டமா வெட்டின கெட்டி மரக்கட்டையை மூணாவது பிஸ்டன் மேல வச்சு சின்ன சுத்தியல்ல தட்டல். உடைக்கிற அடி இல்ல, அதிர்வுக்காக, கட்டையோட ஓரத்துல சுத்திச் சுத்தி. சிநேகிதரோட தம்பி பையன் கூட இருந்தான், கை துறுதுறுன்னு இருந்துச்சு அவனுக்கு. "அண்ணே, பெரிய சுத்தியல் எடுத்து ஒரே போடு போட்டுடவா?"ன்னு கேட்டான். "கோட்டைப் பாருடா, ஆயில் இறங்கிச்சுன்னா அடி"ன்னேன். அவன் தினம் வந்து கோட்டைப் பார்க்க ஆரம்பிச்சான், அது ஒரு நல்லதா போச்சு.

ஒரு காலையில அவன்தான் போன் பண்ணினான், கோடு ஒரு அரை விரல் கீழ போயிருக்குன்னு. அப்புறம்தான் பலம். முன்னாடி கிராங்க் நட்டுல நீட்டுக் குழாய் மாட்டி இழுக்கிறதை நான் விரும்பல, நட்டும் புல்லியும் அந்த முறுக்குக்கு வைக்கப்பட்டதில்ல. ஸ்டார்ட்டர் மோட்டார் இருந்த ஓட்டை வழியா ஃப்ளைவீல் ரிங் பல்லுல லீவர் கொடுத்தா வட்டத்தோட ஓரத்துல நெம்புறோம், கொஞ்ச பலமே நிறைய திருப்பும். பல்லு உடையாம இருக்க ரெண்டு பல்லு சேர்ந்து தாங்குற மாதிரி தட்டையான கம்பி. கிராங்க் புல்லியில சாக்பீஸ்ல ஒரு கோடு, அதுக்கு நேரா பிளாக்ல ஒரு கோடு. பையன் மரக்கட்டையில தட்ட, நான் பின்பக்கமா நெம்ப, சிநேகிதர் சாக்பீஸ் கோட்டை மட்டும் பார்த்துட்டு உக்காந்திருந்தார். சத்தம் எதுவும் வரல, டக்குன்னு எல்லாம் விடல. "நகர்ந்துச்சா இல்ல என் கண்ணா?"ன்னார். ரெண்டு கோட்டுக்கும் நடுவுல ஒரு தீக்குச்சி கனம்.

அங்க இருந்து வேகமா போக ஆசை வரும், போகக்கூடாது. அந்தத் தீக்குச்சி கனத்துக்குப் பின்னாடி, திரும்ப முன்னாடி, ஒவ்வொரு தடவையும் மயிரிழை அதிகமா. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிஸ்டன் ஓரத்துல செம்மண் குழம்பா துரு மேல வரும், அதைத் துடைச்சு புது ஆயில் விட்டுத்தான் அடுத்தது. இறுகினா அந்த இடத்துல தள்ளாம பின்னாடி வரணும். இப்படியே ஆட்டி ஆட்டி மூணாவது பிஸ்டன் உச்சிக்கு வந்து எட்டிப் பார்த்துச்சு, அதுக்கப்புறம் ஹாண்டில்லயே ஒரு கையால சுத்துற அளவுக்கு லேசாயிடுச்சு. சிநேகிதர் ஹெட்டை மாட்டி ஸ்டார்ட் பண்ணிடலாம்னு சொன்னார். சுத்துற என்ஜின் வேற, ஓடத் தகுதியான என்ஜின் வேறன்னு சொல்லி அவரை உக்கார வைக்கிறது துருவை விடுவிக்கிறதைவிடக் கஷ்டமா இருந்துச்சு.

சுத்த ஆரம்பிச்சதும் அடுத்த ஜாம் வெளிய வந்துச்சு. மூணாவது இன்டேக் வால்வும் ரெண்டாவது எக்ஸாஸ்ட் வால்வும் மேல போனது போனதுதான், ஸ்பிரிங்கால கீழ இழுக்க முடியல, வால்வ் தண்டு ஓடுற துளையான கைடுல துரு. எந்த ரெண்டு வால்வ் வழியா தண்ணியும் ஈரமும் வந்துச்சோ அதே ரெண்டு. ஓவர்ஹெட் வால்வ் என்ஜினா இருந்தா மாட்டின வால்வ் மேல பிஸ்டன் இடிக்கும், இல்ல புஷ்ராடு வளையும், ஃப்ளாட்ஹெட்ல வால்வ் ஓரமா இருக்கிறதால பிஸ்டனுக்கு ஒண்ணும் ஆகாது. பக்கத்துல இருக்கிற டாப்பெட் (வால்வைக் கீழ இருந்து தள்ளுற துண்டு) கவரைத் திறந்து, கைடுக்குக் கீழ மேல ரெண்டு பக்கமும் ஆயில் விட்டு, மரத்தால கீழ தட்டி, கேம் சுத்தி மேல தள்ள, திரும்ப கீழ தட்டி, அப்படியே லூஸ் ஆச்சு. அப்புறம் வால்வைக் கழட்டினோம். இங்க ஒரே ஒரு எச்சரிக்கை, டாப்பெட் அறையில இருந்து ஆயில் சம்ப்புக்கு இறங்க ஓட்டைகள் இருக்கும், வால்வ் லாக் கையில இருந்து வழுக்கினா நேரா அங்கதான் போகும், துணி அடைக்காம ஸ்பிரிங்கை அமுக்கவே கூடாது. தண்டை சுத்தம் பண்ணி, கைடுல பிரஷ் விட்டு, பேஸ்ட் போட்டு சீட்டோட தேய்ச்சு லேப் பண்ணி, சீட்டுல சாம்பல் கலர் வளையம் முழுசா வந்ததும் மாட்டினோம். மிச்ச ஆறையும் சேர்த்தே பண்ணினது, ஹெட் திறந்திருக்கிறப்போ பண்ணாம எப்ப பண்றது.

சம்ப்பை வண்டியிலயே கீழ இறக்கலாம். அடியில ஒரு அங்குலம் கருப்புச் சேறு, ஆயில் பம்ப் உறிஞ்சுற மிதவை வலை அதுக்குள்ள பாதி முங்கி அடைச்சுப் போயிருந்துச்சு. இதை அப்படியே விட்டு ஸ்டார்ட் பண்ணியிருந்தா ஆயில் பிரஷர் வர்றதுக்கு வழியே கிடையாது, கொஞ்ச நேரத்துல பேரிங் உருகியிருக்கும். மூணாவது ராடு கேப்பைத் திறந்தேன், ராடுலயும் கேப்லயும் நம்பர் இருக்கும், எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சோ அதே பக்கம் திரும்பப் போகணும். ராடு பிடிக்கிற கிராங்க் பாகமான ஜர்னல்ல லேசா ஒரு கறை, நகத்துல மாட்டல. பேரிங் ஷெல் மங்கியிருந்துச்சு, குழி இல்ல. ரெண்டாவதும் பார்த்தேன், அதுவும் பரவாயில்ல. தண்ணிக்கு மேல ஆயில் மிதந்து கிராங்க்கை மூடிக் காப்பாத்தியிருக்கு, அது நம்ம திறமை இல்ல.

மூணாவது பிஸ்டனை மேல வழியா எடுத்தோம், எடுக்கிறதுக்கு முன்னாடி போரோட உச்சியில தேய்மானத்துல நிக்கிற மேட்டை வெட்டி எடுக்கணும், இல்லன்னா ரிங் அதுல மாட்டும். ரெண்டு கம்ப்ரெஷன் ரிங்கும் பள்ளத்துக்குள்ள ஒட்டிப்போய் அசையவே இல்ல, பிய்ச்சு எடுக்கிறப்போ துண்டு துண்டா வந்துச்சு. இதுதான் பிஸ்டனை எடுத்துப் பார்க்கச் சொல்றதுக்குக் காரணம். பள்ளம் நல்லா இருந்துச்சு, உடைஞ்ச பழைய ரிங் துண்டையே கூர் பண்ணி கார்பனைச் சுரண்டி சுத்தம் பண்ணியாச்சு. புது ரிங்கைப் போருக்குள்ள நேரா தள்ளி முனை இடைவெளியை ஃபீலர் கேஜால பார்த்தோம், ஒரு அங்குல போருக்கு மூணு நாலு தௌ (அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) கணக்கு, இதுக்கு 10-ல இருந்து 12 தௌ. கிராங்க் ஜர்னலைத் துணியால சுத்தி மூடிட்டு போர்ல ஹோன், அதான் சுவரைத் தேய்க்கிற சாணைக்கல், லேசா நாலு ஓட்டம், குழி போகணும்னு அழுத்தினா போர் பெருசாயிடும், குழி போகாது. கடைசியா சோப்புத் தண்ணியில கழுவி, வெள்ளைத் துணியில துடைச்சா துணி வெள்ளையாவே வர்ற வரைக்கும், உடனே ஆயில் தடவல். டீசல்ல மட்டும் கழுவினா ஹோன் பொடி சுவர்லயே தங்கிடும்.

ஹெட்டைத் தட்டைக் கண்ணாடி மேல வச்சுப் பார்த்து, புது கேஸ்கெட் போட்டு, நடுவுல இருந்து வெளிப்பக்கமா மூணு தவணையா 65 அடி-பவுண்டு டார்க் வச்சு இறுக்கினோம். டாப்பெட் இடைவெளி 16 தௌ. டிஸ்ட்ரிப்யூட்டர் பாயிண்ட்டைத் தேய்ச்சு 20 தௌ, பிளக் 30 தௌ. பெட்ரோல் டாங்கைத் தொடவே இல்ல, உள்ள இருந்தது பழசாகி வார்னிஷ் மாதிரி ஆன பெட்ரோல், ஒரு சின்ன கேன்ல இருந்து ஹோஸ் வச்சு நேரா கார்புரேட்டருக்குக் கொடுத்தோம். பிளக் மாட்டாம ஸ்டார்ட்டர்ல சுத்தவிட்டு ஆயில் கேஜ் முள் எழுந்திருக்கிற வரைக்கும் பிளக்குக்கு வேலையே கிடையாது, முள் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாச்சு, அப்ப யாரும் பேசல.

பிளக் போட்ட பிறகு ரெண்டு மூணு தும்மல் தும்மிட்டுப் பிடிச்சுக்கிச்சு. வெள்ளையும் நீலமுமா இடமே தெரியாத புகை, ஊத்தின ஆயில் எல்லாம் சைலன்சர்லயும் மேனிஃபோல்டுலயும் தங்கியிருக்கு இல்லையா, அது எரிஞ்சு தீர்ற வரைக்கும் அப்படித்தான், தீயணைப்பான் கையில வச்சுட்டு நின்னோம். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூடு ஏறினதும் நிறுத்தி, முதல் ஓட்டத்துக்குன்னு ஊத்தின மலிவு ஆயிலைச் சூடாவே வடிச்சுட்டு புதுசு. ஆறினதும் ஹெட் நட்டு திரும்ப டார்க், சிலது கால் திருப்பு வாங்கிச்சு.

கம்ப்ரெஷன் பார்த்தப்போ ஒண்ணு 95, ரெண்டு 85, மூணு 65, நாலு 95 பிஎஸ்ஐ. கம்ப்ரெஷன் ரேஷியோவே 6.48-க்கு 1 இருக்கிற என்ஜின், இதுல ரொம்ப அதிகமா எதிர்பார்க்கக்கூடாது. மூணுல கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்த்தா உடனே ஏறுச்சு, அப்ப வால்வ் சரி, ரிங் இன்னும் உக்காரணும். லோடு கொடுத்து ஓட்ட ஓட்ட அது 80-க்கு வந்து நின்னுடுச்சு, அதுக்கு மேல ஏறல, அந்தக் குழிகளோட விலை அது. ஆக்சிலரேட்டரை விட்டுத் திரும்ப மிதிச்சா மூணாவது கொஞ்சம் நீலப்புகை விடுது, பிளக் சீக்கிரம் எண்ணெய் பிடிக்குது, அதுக்கு ஒரு படி சூடான பிளக் போட்டு வச்சிருக்கு. மேடு ஏறுது, லோ ரேஞ்சுல சேத்துல இழுக்குது, ஆயில் பிரஷர் நிக்குது.

போர் போட்டு புது பிஸ்டன் போடணுமான்னு சிநேகிதர் கேட்டுட்டே இருக்கார். ஆயில் குடிக்கிறது அதிகமானாலோ கீழ தட்டுற சத்தம் கேட்டாலோ போடலாம், அது வரைக்கும் ஒவ்வொரு ஆயில் மாத்துறப்பவும் மூணாவது கம்ப்ரெஷனை எழுதி வைங்கன்னு சொல்லியிருக்கேன். இதே என்ஜின்ல ஜர்னல்ல குழி இருந்திருந்தாலோ பிளாக்ல விரிசல் இருந்திருந்தாலோ ஹெட் திறந்த அன்னிக்கே என்ஜினை வெளிய இறக்கச் சொல்லியிருப்பேன். இப்ப பாக்கி இருக்கிறது கிளட்ச்தான், ஒட்டின பிளேட் ஓட்டத்துல தானா விட்டுடுச்சு ஆனா வண்டியை நகர்த்தி எடுக்கிறப்போ நடுங்குது, அதுக்கு கியர்பாக்ஸை இறக்கணும். ஏர் கிளீனர் குழாய் மட்டும் முதல் வேலையா மாட்டியாச்சு.